மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் வழியில் எங்கள் வீடு. அருவி பார்க்க வருகிறவர்களுக்கு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கீழே ஒரு மூலையில் நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரை. ஒருமுறை அங்கிருந்து ஷீட்டும் ஒட்டுப்பாலும் களவு போனதிலிருந்து மாமா மூன்று கேமராவும், அவை எடுப்பதைப் பதிவுசெய்யும் ஒரு டிவிஆரும் வைத்திருக்கிறார். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் இணைப்பு.

வேலைக் கணினி இருக்கும் நெட்வொர்க்கில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சரி, இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். மாட்ட வந்த தம்பி கேபிளை இரண்டு பக்கமும் லேன் போர்ட்டிலேயே (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) சொருகிவிட்டுப் போனார். வைஃபை பெயர்தான் இரண்டு, உள்ளே எல்லாம் ஒன்று. போதாததற்கு இரண்டு ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுத்தன. பிரிண்டர் காலையில் இருக்கும், மாலையில் காணாமல் போகும்.

அப்புறம் நானே கேபிளைப் புதிய ரூட்டரின் வான் போர்ட்டுக்கு (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) மாற்றினேன். இரண்டுமே 192.168.1.1 என்று நின்றதால் புதியதை 192.168.2.1 ஆக்கினேன். புதியது விருந்தாளிகளுக்கு, பழையது எங்களுக்கு. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒரு பையன் படியிறங்கி வந்து, "அக்கா, உங்க கேமரா லாகின் பக்கம் என் போன்ல திறக்குது" என்று காட்டும் வரை. அவன் எதையும் உடைக்கவில்லை. 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். மாமா வைத்திருந்த பாஸ்வேர்டு 123456. நல்ல பையன், அடித்துப் பார்க்கவில்லை.

நான் ரூட்டரைத் திசை மாற்றி வைத்திருந்தேன். ஒன்றின் பின்னால் ஒன்றாக மாட்டும்போது இரண்டாவது ரூட்டர் உள்ளறை மாதிரி. உள்ளறையில் இருப்பவர் தெருவுக்குப் போக எங்கள் தளத்தைக் கடந்துதான் போக வேண்டும். போகிற வழியில் தளத்தில் இருப்பதெல்லாம் கைக்கெட்டும். தளத்தில் இருப்பவரால்தான் உள்ளறைக்குள் நுழைய முடியாது. பாதுகாக்க வேண்டியது உள்ளே இருக்க வேண்டும். நான் விருந்தாளியை உள்ளே விட்டு, டிவிஆரைத் தளத்தில் போட்டிருந்தேன்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. மேலே ஃபைபர் பெட்டி. அதன் லேன் போர்ட்டுகளிலிருந்து தனித்தனியாக இரண்டு மூன்று ரூட்டர்களின் வான் போர்ட்டுக்குக் கேபிள். ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். கீழே உள்ளவை ஒன்றையொன்று எட்டாது. இரண்டு வாரம் அப்படி ஓட்டினேன், குறையில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும், மேலே படிக்கக்கூட வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு வில்லங்கம்: பிரிண்டர் வீட்டுப் பக்கம் இருக்கிறது, வேலைக் கணினியிலிருந்தும் அதில் அச்செடுக்க வேண்டும், ஆனால் வீட்டுப் பக்கமிருந்து யாரும் வேலைக் கணினியைத் தொடக் கூடாது. அந்த ஒருவழிப் பாதைக்காகத்தான் ஹெக்ஸ் வாங்கினேன், ஆர்பி750ஜிஆர்3 என்ற மாடல். ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

லாட்வியா நாட்டுக் கம்பெனியின் பெட்டி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. ஐந்து கிகாபிட் போர்ட், 256 எம்பி ரேம். வைஃபை கிடையாது, ஆன்டெனாவைத் தேடாதீர்கள். வைஃபைக்கு என் பழைய ரூட்டர்களையே வைத்துக்கொண்டேன்: அவற்றின் டிஹெச்சிபியை, அதாவது ஐபி முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்து, லேன் போர்ட்டில் கேபிள் கொடுத்தால் போதும். அந்தத் தம்பி செய்ததும் இதேதான், டிஹெச்சிபியை அணைக்க மட்டும் மறந்துவிட்டார்.

192.168.88.1 என்று அடித்து உள்ளே போனால் மெனு மேல் மெனு. பொறியாளருக்கென்று செய்த பொருள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இரண்டு இரவு போயிற்று. முதலில் 2 முதல் 5 வரை போர்ட்டுகள் ஒரே பிரிட்ஜில், அதாவது ஒரே நெட்வொர்க்காக, கட்டிக் கிடக்கும். வேண்டியவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி டிஹெச்சிபி கொடுக்க வேண்டும். வேலைக்கு 192.168.10, வீட்டுக்கு 20, விருந்தாளிக்கு 30. எண் வேறானதால் பிரிந்துவிட்டது என்று நம்பிப் படுக்கப் போயிருப்பேன். சும்மா மாடியிலிருந்து டிவிஆரைத் திறந்து பார்த்தேன், திறந்தது! ரூட்டர் என்றால் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டுவதுதானே வேலை, அது தன் வேலையைச் செய்தது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வாலில் "30இலிருந்து 10க்கும் 20க்கும் விடாதே, 20இலிருந்து 10க்கு விடாதே" என்று எழுதிய பிறகுதான் நிஜமாகப் பிரிந்தது. 10இலிருந்து 20க்குத் தடை போடவில்லை, பிரிண்டர் வேலை செய்கிறது.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டேன். விருந்தாளியின் போனுக்கு ஐபி கிடைக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. பிரிட்ஜிலிருந்து கழற்றிய போர்ட் லேன் பட்டியலிலிருந்தும் (ரூட்டர் நம்பும் போர்ட்டுகளின் பட்டியல்) வெளியேறிவிடுவதால், ரூட்டர் அதனிடமிருந்து டிஎன்எஸ் கேள்விகளைக்கூட, அதாவது 'இந்தப் பெயருள்ள தளத்தின் முகவரி எது' என்பதைக்கூட, வாங்குவதில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் உரிய போர்ட்டுகளைப் பட்டியலில் சேர்த்தேன். விருந்தாளி போர்ட்டை வேண்டுமென்றே சேர்க்காமல், டிஎன்எஸ்ஸுக்கு நேராகக் கூகுளின் 8.8.8.8 என்று கொடுத்துவிட்டேன். ரூட்டரின் லாகின் பக்கமும் மாடிக்குத் தெரியாது.

வின்பாக்ஸ் என்ற அவர்களுடைய மென்பொருளில் சேஃப் மோட் என்றொரு பொத்தான் இருக்கிறது. ஏதாவது மாற்றி நம்மை நாமே வெளியே பூட்டிக்கொண்டால், சற்று நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். என்னை மூன்று முறை காப்பாற்றியது.

8 முதல் 30 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஓடும் என்பதால் ஃபைபர் பெட்டியோடு சேர்த்து ஒரே 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன். கரண்ட் போனாலும் என் வேலை நிற்பதில்லை. ஆனால் சித்திரை மாதத்து இடிமழையில் வானம் முழங்கியதும் மாமா ஓடிவந்து எல்லா வயரையும் பிடுங்கிவிடுவார். அப்போது மூன்று நெட்வொர்க்கும் ஒன்றாகப் படுத்துவிடும். மாமாவைத் தப்பு சொல்ல முடியாது.

இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தானாக நின்றதில்லை. விருந்தாளிகளுக்குள் மட்டும் இன்னும் பிரிவினை இல்லை: போன வாரம் முதல் அறைக் குழந்தை போனில் போட்ட கார்ட்டூன் இரண்டாவது அறை டிவியில் ஓடியிருக்கிறது. ஐந்தாவது போர்ட் காலியாகத்தான் இருக்கிறது. ஓணத்துக்குக் கேரளத்திலிருந்து ஆட்கள் வருவதற்குள் அதை அந்த அறைக்கு இழுத்துவிட வேண்டும்.