மைனியோட ஷோபார்ட் ஹேப்பி ஸ்போர்ட்: வடசேரி கண்ணால ஒரு ரிவ்யூ

வாட்ச் எனக்குள்ளது இல்ல, எங்க மைனிக்குள்ளது, அதாவது அண்ணன் பொண்டாட்டிக்கு. அண்ணன் துபாய்ல இருந்து வரும்போ வாங்கிட்டு வந்தது, ஆனா கல்யாணத்துக்கு கல்யாணம் கடன் வாங்கி கெட்டிட்டுப் போறது நான்தான், அதனால ரிவ்யூ எழுத எனக்கும் உரிமை உண்டு. ஷோபார்ட்னு சுவிஸ் கம்பெனியோட ஹேப்பி ஸ்போர்ட், லேடீஸ், பழைய ஸ்டீல் மாடல், உள்ள குவார்ட்ஸ், அதாவது பேட்டரியில ஓடுற மெஷின், செயினும் ஸ்டீல்தான், மணி திருப்புற கிரவுன்லயும் செயின் மாட்டுற கொம்புலயும் நீலக்கல். டயலுக்கு மேல ரெண்டு கண்ணாடி, அந்த ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல வைரம் சும்மா ஓடிட்டு கெடக்கும்.

நெட்ல இதுக்கு ரிவ்யூ தேடுனா எல்லாரும் டயல் கலரு, எந்த சேலைக்கு மேட்ச் ஆகும், எந்த நடிகை கெட்டியிருக்கான்னுதான் பேசுறாங்க, கல்லு வேலையைப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. எங்க வீடு நாகர்கோவில் வடசேரி. பரதநாட்டியம் மோகினியாட்டம் ஆடுறவங்க தலையிலயும் இடுப்புலயும் போடுற கோயில் நகை செய்யுற இடம், புவிசார் குறியீடு எல்லாம் வாங்குன ஊரு. 1956 வரைக்கும் இது திருவிதாங்கூர்-கொச்சியோட சேந்திருந்தது, இப்பவும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருந்து ஆர்டர் வரும். சித்தப்பா வேலையே கல் பதிக்கிறதுதான். வெள்ளியில கூடு கட்டி, உள்ள அரக்கு நெறச்சு, கெம்பு கல்லை உக்கார வெச்சு, கல்லைச் சுத்தி தங்க ரேக்கை அழுத்தி அழுத்தி ஒட்டுவாவ. டான்ஸ் ஆடுற பிள்ளை எத்தனை குதி குதிச்சாலும் கல்லு அசையக்கூடாது, அதுதான் அவிய தொழில்ல முதல் கணக்கு.

அப்படிப்பட்ட ஆளு கையில இந்த வாட்ச்ச குடுத்தா என்ன சொல்லுவாவ? லென்ஸை கண்ணுல வெச்சுப் பாத்துட்டு, "மக்ளே, கல்லு எல்லாம் கழண்டு உள்ள சாடிட்டு கெடக்கே, உங்க அண்ணனை நல்லா ஏமாத்திட்டானுவ"ன்னு சொல்லிட்டாவ. மைனி மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

அப்புறம் அவியளே இன்னும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அமைதியாயிட்டாவ. விஷயம் என்னன்னா வைரம் தனியா உருளல. ஒவ்வொரு கல்லும் ஒரு குட்டி கிண்ணத்துக்குள்ள இறுக்கமா பதிச்சிருக்கு, நம்ம பாஷையில குளோஸ் செட்டிங். அந்தக் கிண்ணத்தோட அடிப்பக்கம் தட்டையா இல்லாம சரிவா இருக்கும், அதனாலதான் கையை லேசா அசைச்சாலே பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு நகருது. இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. மேலயும் கீழயும் இருக்குறது சஃபையர் கண்ணாடி, கடினம் மோஸ் அளவுல 9, வைரம் 10, அப்போ வைரத்தோட கூர்முனை கண்ணாடியில பட்டா நாள்பட நாள்பட கீறல் விழுந்து பனி மூடுனாப்ல ஆயிரும். பட விடாம காப்பாத்துறது அந்தக் கிண்ணத்தோட விளிம்புதான். விளிம்பு ஒரு முடி அளவு கொறஞ்சாலும் கல்லு கண்ணாடியைத் தொட்டுரும், கூடிட்டா கல்லு உள்ள அமுங்கி வெளிச்சம் போயிரும். இந்த அளவு புடிச்சிருக்கானே, அங்கதான் வேலைக்காரன் நிக்கான்னு சித்தப்பா ஒத்துக்கிட்டாவ.

இந்த ஐடியா 1976-ல வந்தது, ரொனால்ட் குரோவ்ஸ்கின்னு ஒரு டிசைனர், ஜெர்மனியில பிளாக் ஃபாரஸ்ட் காட்டுல அருவித் தண்ணி வெயில்ல சிதறுறதைப் பாத்து தோணுச்சாம் (எல்லா கம்பெனியும் இப்படி ஒரு அருவிக் கதை வெச்சிருக்கும், நம்ம திற்பரப்பு அருவியைப் பாத்துட்டு நமக்கு பஜ்ஜி திங்கணும்னுதான் தோணுது). அப்போ அதுக்குப் பேரு ஹேப்பி டயமண்ட்ஸ். ஸ்டீல் பாடியில வைரத்தை விட்டு ஹேப்பி ஸ்போர்ட்னு எறக்குனது 1993-ல, கம்பெனி முதலாளி குடும்பத்து கரோலின் ஷாய்ஃபெலே. எங்க அம்மாவுக்கு மட்டும் இது இன்னும் ஜீரணிக்கல, இரும்புல யாராவது வைரம் வெப்பாங்களான்னு கேட்டுட்டே இருக்காங்க.

நீலக்கல்லுக்கு வரேன். பட்டை தீட்டாம வழவழன்னு குமிழ் மாதிரி விட்டிருக்கு, கபோஷன்னு சொல்லுவாங்க, கெம்பு கல்லும் கிட்டத்தட்ட இதே ஷேப்தான், அதனால சித்தப்பாவுக்கு இது தெரிஞ்ச ஏரியா. அவிய செஞ்ச டெஸ்ட் எல்லாரும் வீட்டுல செய்யலாம்: பட்டுச் சேலை முந்தானையை கல்லு மேல லேசா உரசுங்க, நூல் எங்கயாவது மாட்டுச்சுன்னா அங்க பதிப்பு சரியில்ல, கொஞ்ச நாள்ல கல்லு ஆடும். இதுல ஒரு இடத்துலயும் மாட்டல. "கொள்ளாம்" அப்டின்னாவ, அவிய வாயில அதுக்கு மேல பாராட்டு வராது.

பெசல், அதாவது டயலைச் சுத்தி இருக்குற வளையம், அது முழுக்க வைரம் பதிச்ச மாடலும் உண்டு. கொச்சியில ஒரு ஷோரூம்ல பாத்தேன், ஏசிக்காக உள்ள போனதுன்னு வெச்சுக்கோங்க. அது வேற மாதிரி வேலை. ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியா குழி எடுத்து, கல்லை எறக்கி, பக்கத்துல இருக்குற தங்கத்தையே உளியால கிளப்பி குட்டி மணியா உருட்டி கல்லு மேல சாய்ச்சு விடுவாங்க, பசை எதுவும் கெடையாது. இந்த மாதிரி வாட்ச்சு பெரும்பாலும் 18 கேரட்தான். நம்ம ஆளுங்க உடனே 916 இல்லையான்னு மூஞ்ச சுளிப்பாங்க, ஆனா 22 கேரட் மெதுவு, அந்த மணி சீக்கிரம் தேஞ்சு கல்லை விட்டுரும், 18-ல தங்கம் 75 சதவீதம், மிச்சம் செம்பு வெள்ளி மாதிரி வேற உலோகம், அந்த கலப்புதான் புடிப்பு குடுக்குது. வாங்குறவங்க லென்ஸ் இல்லாட்டியும் வாட்ச்ச கண்ணு மட்டத்துக்குத் தூக்கி பக்கவாட்டுல பாருங்க, எல்லா கல்லும் ஒரே உயரத்துல நிக்கணும், ஒண்ணு மட்டும் சரிஞ்சிருந்தா விலையைப் பேசாம எந்திரிச்சு வந்துருங்க. கல்லு வெச்ச வாட்ச்னு டவுன்ல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு கெடைக்கிறது பாதிக்கு மேல ஒட்டுனது, நம்ம ஊரு வேர்வையில பசை மஞ்சளாகி கல்லு ஒவ்வொண்ணா உதிரும், என் காலேஜ் வாட்ச் அப்படித்தான் பல்லு போன கிழவி கணக்கா ஆச்சு.

சித்தப்பாவுக்கு ஃபோன்ல வேற ஒண்ணும் காட்டுனேன், வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ்னு பிரெஞ்சு நகைக் கம்பெனி 1933-ல பேட்டன்ட் எடுத்த மிஸ்டரி செட்டிங், மேல இருந்து பாத்தா உலோகமே தெரியாது, வெறும் ரூபி மட்டும் செவசெவன்னு. ரூபியோட அடிப்பக்க ஓரத்துல காடி வெட்டி, அடியில இருக்குற தங்கக் கம்பித் தண்டவாளத்துல ஒவ்வொண்ணா நகத்தி ஏத்துறாங்க. வெட்டும்போ கல்லு ஒடஞ்சா அந்தக் கல்லு போச்சு. அவிய அந்தப் படத்தை பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு இருந்தாவ, டீ ஆறிப் போச்சு.

சரி, கொறை இல்லாமலா. முதல்ல சத்தம். அமைதியான எடத்துல கையை அசைச்சா உள்ள டிக் டிக்னு கல்லு கண்ணாடியோரம் தட்டுறது கேக்கும், சர்ச்ல பிரசங்கம் நடக்கும்போ பக்கத்துல இருந்த பாட்டி என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு கண்ணாடி இருக்குறதால வாட்ச் தடிமனாத்தான் இருக்கும், இறுக்கமான ப்ளவுஸ் கைக்குள்ள போகாது. மணி பாக்கும்போ சில நேரம் வைரம் வந்து நம்பரை மறைச்சிட்டு நிக்கும், தட்டி விட்டுதான் பாக்கணும்.

எனக்கு மனசுக்கு ஒட்டாதது குவார்ட்ஸ்தான். இந்தக் காசுக்கு உள்ளயும் வேலை இருக்கணும்ல. தாத்தாவோட பழைய எச்எம்டி-லயே 17 ஜுவல்ஸ்னு எழுதியிருக்கும், அது சக்கரத்தோட அச்சு தேயாம இருக்க வெக்கிற செயற்கை ரூபி, அழகுக்கு இல்ல. லேடீஸ் வாட்ச்னாலே வெளிய கல்லு, உள்ள பேட்டரின்னு ஒரு நெனப்பு ரொம்ப நாளா இருந்துச்சு, அது தேவையே இல்ல, ஜேகர் லெகூல்த்ர்னு சுவிஸ் வாட்ச் கம்பெனி 1929-லயே ஒரு கிராம் எடையில 101-ன்னு சாவி குடுக்குற மெஷின் பண்ணிட்டாங்க, எலிசபெத் ராணி 1953-ல முடிசூடும்போ கெட்டியிருந்தது அதுதான். ஹேப்பி ஸ்போர்ட்லயே இப்போ 33 மில்லிமீட்டர் சைஸ்ல ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவுலயே தானா சாவி ஏறுற மாடல் வருது, புதுசா வாங்குறவங்க காசு கொஞ்சம் கூடப் போனாலும் அதைப் பாருங்க.

வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்னு போட்டிருக்குறதை நம்பி முட்டம் கடல்ல எறங்கிராதீங்க, அது கை கழுவுற தண்ணிக்குத்தான். பேட்டரி மாத்த பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில குடுக்காதீங்க, பின்மூடியைத் தொறந்தா உள்ள ரப்பர் வளையத்தை சரியா உக்கார வெக்கணும், இல்லைன்னா நம்ம ஈரக்காத்து உள்ள போயிரும், கம்பெனி சர்வீஸுக்கே அனுப்புங்க, லேட் ஆகும், ஆகட்டும். அப்புறம் லெதர் ஸ்ட்ராப் மாடல் எவ்வளவு அழகா தெரிஞ்சாலும் நம்ம பக்கம் வேண்டாம், ரெண்டு கோடைக்குத் தாங்காது, ஸ்டீல் செயினே எடுங்க.