சந்திப்புக்கு எந்த ஊர்? பெருநகரமா, நடுத்தர நகரமா, மலைக்கிராமமா

வருடக்கணக்கில் எழுத்திலேயே பழகிய ஒரு குழு, ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டால் அடுத்து எழும் கேள்வி "எந்த ஊரில்?" என்பதுதான். பல குழுக்கள் இதை வாக்கெடுப்புக்கு விட்டுவிடுகின்றன. அதில் ஜெயிப்பது உறுப்பினர்கள் அதிகம் குடியிருக்கும் ஊர். அந்த ஊர்க்காரர்கள் நினைத்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சந்தித்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாதவர்கள், தூரத்தில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள்தான். அவர்களை மனத்தில் வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை அலச நல்ல உரைகல் விக்கிமேனியா. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களின் இந்த உலகச் சந்திப்பு 2005இல் பிராங்க்பர்ட்டில் தொடங்கியது. அதன்பின் ஊர் மாறிக்கொண்டே வருகிறது: 2014இல் லண்டன், 2016இல் இத்தாலியின் எசினோ லாரியோ, 2023இல் சிங்கப்பூர், 2024இல் போலந்தின் கட்டோவிச்சே, 2025இல் கென்யாவின் நைரோபி. எல்லா வகை ஊரையும் ஒரே குழு பார்த்துவிட்டதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது.

முதலில் பெருநகரம். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பெரிய பலம் நேரடி விமானங்கள். வரைபடத்தில் எல்லோருக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து ஊர் தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தூரம் குறைவாக இருந்தும் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டிய ஊரைவிட, தூரம் கூடினாலும் ஒரே விமானத்தில் போய் இறங்கும் ஊர் எவ்வளவோ மேல். சிங்கப்பூரில் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரயிலில் நகருக்குள் வந்துவிடலாம். புது ஊரில் தனியாக வந்து இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பெருநகரம் ஆட்களைச் சிதறடிக்கும். அறை வாடகை அதிகம் என்பதால் ஆளுக்கு ஒரு மூலையில், தங்கள் பணத்துக்கு ஏற்ற இடத்தில் தங்குவார்கள். இரவு ஒன்பது மணிக்கு அரங்கைப் பூட்டும்போது வாசலில் நடப்பதைப் பாருங்கள். பேச்சு சூடு பிடித்திருக்கும். ஒருவர் கடைசி ரயிலுக்கு நேரம் பார்ப்பார். இன்னொருவர் வாடகைக் காருக்குப் பங்காளி தேடுவார். பத்தே நிமிடத்தில் வாசல் காலி. மேடையில் பேசியதைப் பதிவு செய்து வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ஆட்கள் இவ்வளவு தூரம் வருவது அந்த வாசல் பேச்சுக்காகத்தான்.

அந்தப் பேச்சுக்கு எசினோ லாரியோவை மிஞ்ச முடியாது. கோமோ ஏரிக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஆயிரம் பேர்கூட வசிக்காத மலைக்கிராமம். மிலானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரயில், அப்புறம் வரென்னா நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. போய்ச் சேர்ந்துவிட்டால் வேறெங்கும் போக வழியில்லை. தெருவில் எதிர்ப்படுகிற ஆளெல்லாம் நம் ஆள். முதல்முறை வருகிற, யாரையும் தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எனக்கு இந்த வகை ஊர்மேல் பெரிய ஆசை உண்டு. ஆனாலும் பொதுவாக இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், கைக்குழந்தையோடு வருகிறவருக்கும், அவசரமாக மருத்துவமனை தேவைப்படுகிறவருக்கும் மலையேற்றம் ஒரு தடை. முப்பது பேருக்குள், ஒருவர் நிலைமை ஒருவருக்குத் தெரிந்த குழு என்றால் தாராளமாகப் போகலாம்.

இரண்டுக்கும் நடுவே கட்டோவிச்சே. சுமார் 2.8 லட்சம் பேர் வாழும் பழைய சுரங்க நகரம். மாநாட்டு மையமே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த வளாகத்தில் எழுந்ததுதான். சுற்றுலாப் பட்டியலில் முதலில் வரும் ஊரல்ல, அதனால் பலர் இதை யோசிக்கவே மாட்டார்கள். ஆனால் போலந்தின் பெருநகரமான கிராக்குவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அரங்கு நகரின் மையத்தை ஒட்டியே இருப்பதால் ராத்திரி பேசிக்கொண்டே அறைக்கு நடந்துவிடலாம். பெரிய விமான நிலையத்திலிருந்து ரயிலில் எட்டக்கூடிய, நடந்தே சுற்றிவிடக்கூடிய இப்படிப்பட்ட நடுத்தர நகரத்துக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விசா நிற்கிறது. கட்டோவிச்சேயும் எசினோ லாரியோவும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் எல்லைக்குள் வருபவை. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெரும்பாலானோர் அங்கே போக விசா எடுக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மறுத்துவிட்டால் அது திரும்ப வராது. பல ஆண்டுகள் குழுவுக்காக உழைத்த ஒருவர் வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, அழைப்புக் கடிதம் எல்லாம் கட்டாகக் கொடுத்து, கடைசியில் மறுப்போடு வீட்டில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எடுத்த குழுப் படத்தைப் பார்ப்பது கொடுமை. கென்யா 2024 ஜனவரியில் விசா முறையை எடுத்துவிட்டு, இணையத்திலேயே வாங்கும் மின்னணு பயண அனுமதியைக் கொண்டுவந்தது. தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. பல நாட்டினர் கலந்த குழுவுக்கு, விமானச் செலவு கூடினாலும் நைரோபி போன்ற ஊரைப் பட்டியலின் மேலே வைப்பேன். ஒரே நாட்டுக்காரர்கள் மட்டும் உள்ள குழு இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

ஊரை மாற்றிக்கொண்டே இருக்கத்தான் வேண்டுமா? கட்டற்ற மென்பொருள்காரர்களின் (யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளை எழுதுகிறவர்கள்) ஃபோஸ்டெம் சந்திப்பு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம், கொலோன் என எந்தப் பக்கமிருந்தும் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நடத்துகிறவர்களுக்கு மின் இணைப்பிலிருந்து கழிப்பறை வரிசை வரை எல்லாம் அத்துப்படியாகிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் சுலபம், தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் கஷ்டம் என்ற நிலை அப்படியே உறைந்துவிடுகிறது. ஒரே ஊரில் இரண்டு ஆண்டு, பிறகு வேறு ஊர் என்று வைத்துக்கொண்டால் நடத்துகிறவர்களின் அனுபவமும் வீணாகாது, தூரத்தில் இருப்பவர்களின் முறையும் வரும்.

உள்ளூரில் பொறுப்பெடுக்க ஒருவராவது இல்லாத ஊரை, மற்ற எல்லாம் பொருந்தினாலும் விட்டுவிடுங்கள். அரங்கைக் கண்ணால் பார்த்து, வாடகை பேசி, பூட்டிய கதவுக்குச் சாவி தேட அங்கேயே ஓர் ஆள் வேண்டும்.

அப்புறம், காலம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதம் அடிக்க இரண்டு மாதம் கூட்டினால், ஊரும் தேதியும் எட்டு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அதற்குள் குழுவில் ஒத்துவரவில்லையா, போன முறை நடந்த ஊரையே அறிவித்துவிடுங்கள்.