ராயக்கோட்டை ரோட்டு களி கடை: ருசிக்கு கொறையில்ல, ராகிக்கு தான் திண்டாட்டம்

கிருஷ்ணகிரில இருந்து ராயக்கோட்டை போற ரோட்ல ஒரு சின்ன ஓலை கொட்டாய், போர்டு கூட கெடையாது. மூணு வருசமா மாசம் ரெண்டு தடவையாவது போயிடுவேன். ரெண்டு உருண்டை களி, கீரை கடைசல், கொள்ளு ரசம் சேத்து 60 ரூபாய். போன வருசம் 40 தான்.

களிய பத்தி மொதல்ல சொல்லிடறேன். கடைக்கார அக்கா வெறகடுப்புல தான் கிண்டறாங்க, கொதிக்கிற தண்ணில நொய்யரிசி போட்டு வெந்ததும் ராகி மாவ கொட்டி, உடனே கிளறாம தண்ணி மாவு மேல பொத்துக்கிட்டு கொப்புளிக்கிற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் சட்டிய அசையாம புடிச்சி துடுப்பால ஒரே மூச்சா கிண்டுவாங்க பாருங்க, ஒரு கட்டி இருக்காது. ஈரக்கைல தொட்டா ஒட்டாது. பிச்சி கொழம்புல தோச்சா வழுக்கிட்டு எறங்கும்.

போன மாசம் போனப்ப மொத வாய்லயே பல்லுல நறநறன்னுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்காவே வந்து, "நம்மூரு ராகி இல்ல தம்பி, மண்டில வாங்குனது, ரெண்டு தடவ சலிச்சும் மண்ணு போகல"ன்னு சொல்லிட்டாங்க. காசும் வாங்கல. இவ்ளோ நாள் பக்கத்து வெவசாயிங்க கிட்ட தான் வாங்கிட்டு இருந்தாங்களாம். ஏரிக்கு தண்ணி வர்ற கால்வாய் பூரா சீமைக்கருவேலம், அதுக்குள்ள கோழிக்கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டி அடைச்சி, மழ பேஞ்சா தண்ணி ரோட்டுல ஓடுது, ஏரிக்கு வர்றதில்ல. ஏரி நெறையலன்னா சுத்தி இருக்கற கெணறு எப்படி ஊறும்? கெணத்துத் தண்ணிய நம்பி நாத்து நட்டவங்க எல்லாம் ராகிய விட்டுட்டாங்க.

ராகி வறட்சி தாங்கும்ங்க, அது உண்மை தான், ஆனா எல்லாத்தயும் அதுவே தாங்கணும்னு விட்டா எப்படி? ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி டேம்ல பெங்களூரு சாக்கடையும் கழிவும் கலந்து நொர மலை மாதிரி பொங்கறத நானே நின்னு பாத்துருக்கேன், அந்தத் தண்ணி தான் வயலுக்குப் போகுது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கதிர் முத்தற நேரத்துல யானை எறங்கிடுது, காட்டுல உண்ணிச்செடி மண்டி புல்லு மொளைக்க எடமில்லாம போனா அது எங்க போகும்? ராத்திரி பூரா பரண்ல காவல் இருந்து சலிச்சவங்க அடுத்த வருசம் வெதைக்கறதில்ல.

2023ல தர்மபுரிலயும் நீலகிரிலயும் ரேசன்ல 2 கிலோ அரிசிக்கு பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க, நல்ல விசயம். 2024-25க்கு ராகிக்கு அரசோட கொறஞ்சபட்ச ஆதார வெலையும் குவிண்டாலுக்கு 4290 ரூபாய் அறிவிச்சாங்க. ஆனா தண்ணியும் காவலும் இல்லாம போடறதுக்கு ஆள் வேணும்ல. 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், எங்க பாட்டி 80 வயசுலயும் களை வெட்டுனது இத தின்னு தான். இப்ப பாட்டி களை வெட்டுன அந்த வயல்ல மாஞ்செடி நிக்குது.

கடைக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒன்னு மண்ணுக்கு தான், அக்கா கைக்கு இல்ல. தை பொறந்தா புது ராகி ரெண்டு மூட்டை வருதாம், தெரிஞ்சவங்க ஒருத்தர் கொஞ்சமா போட்டுருக்காராம், அப்ப போய் சாப்ட்டு பாருங்க. கருவாட்டு கொழம்பு வியாழக்கெழம மட்டும் தான். 1 மணிக்குள்ள போயிடுங்க, ரெண்டு மணிக்கெல்லாம் சட்டிய கழுவி கவுத்துடுவாங்க.