லோக்சவுண்ட் 5: டிசி தண்டவாளத்தில் எவ்வளவு தேறும்?

இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5, மாடல் ரயில் இன்ஜினுக்குள் உட்கார்ந்து மோட்டாரையும் விளக்கையும் சத்தத்தையும் இயக்கும் டிகோடர். டிசிசிக்காகவே, அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் உத்தரவு அனுப்பி ஓட்டும் முறைக்காகவே பிறந்தது. தண்டவாளத்து வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் பழைய டிசி கண்ட்ரோலரிலும் ஓடும் என்று அதன் கையேடு சொல்வது உண்மைதான். ஓடும், உறுமும், விளக்கும் எரியும். ஆனால் நினைத்த நேரத்தில் ஹார்ன் அடிக்காது, மணி ஒலிக்காது. அந்த உத்தரவுகள் டிஜிட்டல் சிக்னலாகத்தான் தண்டவாளத்தில் வரும். டிசி தண்டவாளத்தில் வருவது வெறும் வோல்ட். பத்து ஒலிச் சேனல் உள்ள டிகோடருக்குக் காசு கொடுத்துவிட்டு, பெரும்பாலான நேரம் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்கப் போகிறீர்கள். இன்னும் ஓரிரு வருடத்தில் டிசிசிக்கு மாறப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். டிசியிலேயே நிற்கப் போகிறவருக்கு இது வீண் செலவு.

முதலில் வோல்ட் கணக்கு. எச்ஓ எனும் மாடல் அளவில் சாதாரண இன்ஜின் 2, 3 வோல்ட்டிலேயே நகரத் தொடங்கிவிடும். டிகோடர் உள்ள இன்ஜின் அப்படி இல்லை. ஏறத்தாழ 5, 6 வோல்ட் வந்த பிறகுதான் டிகோடர் கண் விழிக்கும், எஞ்சின் சத்தம் ஆரம்பிக்கும். சக்கரம் சுழல 7 முதல் 9 வோல்ட் வரை ஆகும். 12 வோல்ட் கண்ட்ரோலரில் வேகத்துக்கென்று மிஞ்சுவது கடைசி மூன்று முதல் ஐந்து வோல்ட்தான். அதனால் குமிழின் முதல் பாதியில் ஒன்றும் நடக்காது, அடுத்த பாதியில் எல்லாம் ஒரேயடியாக நடக்கும். டிகோடர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. குமிழைச் சுற்றி இரண்டு புள்ளி வையுங்கள்: சத்தம் தொடங்கும் இடத்தில் ஒன்று, சக்கரம் அசையும் இடத்தில் இன்னொன்று. ஸ்டேஷனில் நிறுத்தும்போது பூஜ்யத்துக்குப் போகாமல் இரண்டு புள்ளிக்கும் நடுவில் நிறுத்தினால், இன்ஜின் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். பூஜ்யத்துக்குப் போனால் ரேடியோ பிளக்கைப் பிடுங்கியது போல சத்தம் பட்டென்று அறுந்துவிடும். திசை மாற்றுவதும் அந்த நடு இடத்தில் வைத்துத்தான். ஸ்விட்சை மெதுவாகத் தள்ளினால் மின்சாரம் ஒரு கணம் போய், டிகோடர் ஸ்டார்ட் சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

அமைப்புகளை டிசியில் இருந்துகொண்டு மாற்ற முடியாது. அதற்கு ஏதாவது ஒரு டிசிசி கண்ட்ரோலர் வேண்டும், அல்லது இஎஸ்யுவின் லோக்புரோகிராமர் பெட்டியும் விண்டோஸ் கணினியும் வேண்டும். சொந்தமாக வாங்குவதைவிட, வைத்திருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் இரவல் கேட்பது புத்திசாலித்தனம். அந்த அரை மணியில் பார்க்க வேண்டிய சிவிகள், அதாவது டிகோடருக்குள் எண்ணிட்டு வைத்திருக்கும் அமைப்புகள், இவை. சிவி 29இல் 4 என்ற மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும். அதுதான் அனலாக் ஓட்டத்துக்கு, அதாவது டிஜிட்டல் சிக்னல் இல்லாத ஓட்டத்துக்கு, அனுமதி. சிவி 50 எந்த வகை அனலாக் என்பதைத் தீர்மானிக்கிறது: 1 ஏசிக்கு, 2 டிசிக்கு, 3 இரண்டுக்கும். டிசி ஓட்டத்தில் எந்தெந்தப் பங்ஷன் (எப்1, எப்2 என்று எண்ணிட்ட விளக்கு, சத்தம் போன்ற செயல்கள்) தானாக இயங்கும் என்பது சிவி 13, 14இல் இருக்கிறது. சிவி 14இல் 3 போட்டால் முன்னும் பின்னும் திசைக்கேற்ற விளக்கு எரியும்.

சிவி 13இல்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். டிகோடரில் ஏற்றும் ஒலித் தொகுப்புக்கு ஒலித் திட்டம் என்று பெயர். ஐரோப்பிய ஒலித் திட்டங்களில் எஞ்சின் சத்தம் வழக்கமாக எப்1இல் இருக்கும், அதற்கு மதிப்பு 1. அமெரிக்கத் திட்டங்களில் அது பெரும்பாலும் எப்8, அதற்கு 128. அமெரிக்க டீசலை ஏற்றிவிட்டு சிவி 13ஐ 1 என்றே விட்டால், இன்ஜின் ஊமையாக ஓடும். வயரும் ஸ்பீக்கரும் சரியாக இருக்க, மூடியைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பதில் பொழுது போகும்.

புறப்படும் வோல்ட்டையும் உச்ச வேகத்தையும் சிவி 125, 126 கட்டுப்படுத்துகின்றன. 125ஐ ஐந்தைந்தாகக் குறைத்துச் சோதியுங்கள். ரொம்பக் குறைத்தால் சத்தமும் நகர்வும் ஒன்றாகத் தொடங்கி, நின்றபடி உறுமும் அந்த இடமே காணாமல் போய்விடும். மொத்த ஒலி அளவு சிவி 63இல், 0 முதல் 192 வரை. கொண்டோமினிய அறையில் பாதிக்கு மேல் தேவைப்படாது. பெட்டியோடு வரும் 11க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் அதன் அளவுக்கு நன்றாகவே பேசுகிறது. அதன் ஒலிப்பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாவிட்டால் தகரச் சத்தம்தான் வரும். டிகோடர் தாங்குவது 4 முதல் 32 ஓம் ஸ்பீக்கர். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும், செய்யக் கூடாது. லோக்சவுண்ட் 3.5 காலத்து 100 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் எதுவும் எரியாது, சத்தம்தான் கிணற்றுக்குள் போய்விடும்.

டிகோடரைவிட முக்கியம் கண்ட்ரோலர். வழவழப்பான, சீரான டிசி தருவதுதான் இதற்கு ஏற்றது. மெதுவாக ஓட உதவும் என்று விற்கப்படும் பல்ஸ் வகைக் கண்ட்ரோலர்கள் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகின்றன. தண்டவாளத்து வோல்ட்டை அளந்து வேகத்தைத் தீர்மானிக்கும் டிகோடர் அதில் குழம்பிப்போகும். சத்தம் திக்கும், இன்ஜின் துள்ளும். தண்டவாளத்தைச் சுத்தம் செய்யும் ஹை-பிரீக்வன்சி கருவி இணைப்பில் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், அது டிகோடரையே எரித்துவிடும். சத்தத்துக்கும் கரண்ட் தேவை என்பதால், பொம்மை ரயில் செட்டோடு வரும் சின்ன அடாப்டர் போதாது. குறைந்தது 1 ஆம்பியர் இருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கண்ட்ரோலர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 240 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். கோலாலம்பூர் ஜாலான் பசார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அங்கேயே ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கண்ட்ரோலர்களில் சில, இன்ஜின் எதுவும் இல்லாதபோது 18, 20 வோல்ட் வரை காட்டும். குமிழை முழுதாகத் திருப்பி அளந்து, 16க்கு மேல் போனால் டிகோடரை அதில் ஏற்றாதீர்கள்.

சாதாரண இன்ஜினையும் இதையும் ஒரே ரயிலில் இரட்டையாகப் பூட்ட முடியாது. அது 3 வோல்ட்டில் இழுக்கத் தொடங்கும்போது இது தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே தண்டவாளத்தில் மாற்றி மாற்றி ஓட்டலாம், அவ்வளவுதான்.

கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறைப் பக்கம் வளர்ந்த காதுகளுக்கு ஒரு கிளைச்செய்தி. 1957இல் மலாயாவுக்கு வந்த 20ஆம் வகுப்பு டீசல்கள் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் தயாரிப்பு. அந்த நிறுவனத்தின் பிரிட்டிஷ் டீசல்களுக்கான ஒலித் திட்டத்தை ஏற்றிக் கேட்டால், பழைய சத்தம் ஓரளவு கிட்டும். மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் பாதை மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால் எச்ஓ அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அது வேறு செலவு, வேறு தலைவலி.

ஹார்ன் இல்லாமல் முடியாது என்பவருக்கு, ஒரே பெட்டியில் டிசியும் டிசிசியும் தரும் எம்ஆர்சி டெக் 6 போன்ற கண்ட்ரோலர் உண்டு. அல்லது சின்ன டிசிசி செட் ஒன்றை வாங்கி, நடுவில் ஆப் உள்ள ஆறு கால் ஸ்விட்ச் ஒன்றைப் போடுங்கள். நடுக்கால் இரண்டும் தண்டவாளத்துக்கு, ஒரு பக்கம் டிசி, மறு பக்கம் டிசிசி. இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லே-அவுட்டின் ஒரு பாதியை டிசியாகவும் மறு பாதியை டிசிசியாகவும் வைத்தால், இடைவெளியைக் கடக்கும் சக்கரமே இரண்டையும் சேர்த்துவிடும். இரண்டு கண்ட்ரோலரும் போய்விடும். மின்சாரம் ஏற்றும் தண்டவாளத் துண்டுக்குள் ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால், டிசிசிக்கு முன் வெட்டி எடுங்கள். டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி ஓடும்போது தண்டவாளத்தில் விட்டுவைக்காதீர்கள், மோட்டார் நின்ற இடத்திலேயே சூடாகும்.

வாங்கும்போது இன்ஜினுக்குள் இருக்கும் சாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். எட்டு பின்னும் இருபத்தொரு பின்னும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெளிநாட்டுக் கடையில் இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு மலேசியாவில் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். முழுதாக டிசிசிக்கு மாறும் நாளில் சிவி 29இலிருந்து அந்த 4ஐக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அழுக்குத் தண்டவாளத்தில் சிக்னல் தடுமாறும் கணத்தில், டிகோடர் அதை டிசி என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை முழு வேகத்தில் மேசை விளிம்புக்கு விரட்டும்.