மலைக்காட்சி ஓவியம்: ஃபிரீட்ரிக்கா, ஃபான் குவானா?

மட்டக்களப்பில் உயர்தரச் சித்திரம் படிப்பவர்கள் மலைக்காட்சியை வாசித்துப் பழக இரண்டு படங்கள் போதும். ஒன்று, ஜெர்மானியர் காஸ்பார் டேவிட் ஃபிரீட்ரிக் சுமார் 1818இல் வரைந்த ‘மூடுபனிக் கடலுக்கு மேலே அலைபவன்’. மற்றது, சீனர் ஃபான் குவானின் ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்’. சுமார் 1000ஆம் ஆண்டினது.

முதலில் மனிதனைத் தேடுங்கள். ஃபிரீட்ரிக்கில் தேடவே வேண்டாம்: நடுவில், பாறைமேல், நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். இருபுற மலைச்சரிவுகளும் அவன் நெஞ்சை நோக்கி இறங்குகின்றன. முகம் தெரியாததால் அவன் இடத்தில் நின்று நாமும் பார்க்கிறோம். ஃபான் குவானின் பயணிகளும் பொதிவிலங்குகளும் கீழ் வலப்பக்கத்தில் எறும்பளவுதான். மேலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒற்றை மலை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டோவியம் இரண்டு மீற்றருக்கு மேல் உயரம். போன் திரையில் பார்த்தால் பயணிகள் கண்ணில் படமாட்டார்கள், விளக்கமும் பிழைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது மூடுபனி. ஃபிரீட்ரிக்கின் தூரமலைகள் வெளிறி நீலமாகின்றன, வயல்வெளியிலிருந்து குடும்பிமலை தெரிவதுபோல. ஃபான் குவானில் பனி மலையின் அடியை மட்டும் மறைக்கிறது. மலையோ சிறுசிறு தூரிகைக் குத்துகளால் அடர்ந்து முன்னே வருகிறது. அதனால்தான் அது மிரட்டுகிறது.

‘தனிமை’ என்று ஒரே சொல்லில் விடை எழுதினால் புள்ளி தேறாது. ஃபிரீட்ரிக்கின் காட்சியை நேரில் கண்ட ஓரிடம் என்றும் எழுதாதீர்கள். வெவ்வேறு இடங்களின் வரைவுகளைச் சேர்த்துக் கட்டியது அது.

தொடங்குவதற்கு ஃபிரீட்ரிக் இலகு. ஆனாலும் அளவை வைத்துப் பொருள் சொல்லப் பழக ஃபான் குவானே மேல்.