பின்தங்கினால்தான் ஆடுவார்களா? பிரான்ஸ் கால்பந்து அணியோடு 1998 முதல் என் அனுபவம்

புதுச்சேரிக்காரனுக்கு எதற்கு பிரான்ஸ் அணி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். குருசுக்குப்பத்தில் நான் வளர்ந்த தெருவில் சொல்தா வீடுகள் இருந்தன. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு, அந்த நாட்டு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களின் வீடுகள். நாங்கள் இந்தியக் குடும்பம்தான். ஆனால் 1998 இறுதியாட்டத்தை நடுராத்திரி தாண்டி அப்படி ஒரு வீட்டில்தான் பார்த்தேன். பிரேசிலுக்கு எதிராக கார்னரிலிருந்து வந்த பந்துகளை ஜிடான் இரண்டு முறை தலையால் முட்டி கோல் போட்டார். 3-0. அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

கோப்பைக் கணக்கைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. 1998, 2018 உலகக் கோப்பைகள், 2000-ல் யூரோ எனும் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, அதோடு 2006, 2022 உலகக் கோப்பை இறுதியாட்டங்கள். எத்தனை நாட்டு ரசிகர்களுக்கு இது வாய்க்கும்? என் மனத்தாங்கல் வேறு. ஆட்டம் போரடிக்கிறது. அதுவும் ஆடத் தெரிந்தவர்கள் போரடிக்கிறார்கள்.

2024 யூரோவை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவுக்கு எதிரான வெற்றி எதிரணி போட்ட சேம்சைடு கோலால் வந்தது. நெதர்லாந்தோடு 0-0. போலந்தோடு 1-1, நம் கோல் பெனால்டி. பெல்ஜியத்துக்கு எதிராக 85-வது நிமிடத்தில் கோலோ முவானி அடித்த பந்து வெர்டோங்கன் மேல் பட்டு உள்ளே போனது, அதுவும் சேம்சைடு கணக்கில்தான் சேர்ந்தது. போர்ச்சுகலோடு 120 நிமிடம் ஆடியும் 0-0, பெனால்டியில் தப்பித்தோம். ஆக அரையிறுதிக்குள் நுழையும்வரை, ஓடுகிற ஆட்டத்தில் நம் ஆள் போட்ட கோல் என்று ஒன்றுகூட இல்லை. எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பேலே எல்லாரும் இருந்த அணி இது.

ஸ்கோரை விடுங்கள், அந்தத் தொண்ணூறு நிமிடத்தை உட்கார்ந்து பார்ப்பதுதான் கஷ்டம். பின்னால் நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் பந்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நடுக்களத்தில் கான்டே, சுவாமேனி, ராபியோ மாதிரி முதலில் தடுப்பதற்கென்றே வைத்த ஆட்கள். வலப்பக்கம் இடம் காலியாகக் கிடக்கும், யாரும் ஏறி ஓட மாட்டார்கள். கடைசியில் இடது ஓரத்தில் எம்பாப்பேயிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். அவரை இரண்டு பேர் மறித்தால் பந்து திரும்பப் பின்னாலேயே வரும்.

போர்ச்சுகல் ஆட்டம் நம் நேரத்துக்கு 12.30 மணிக்குத் தொடங்கி மூன்று மணியைத் தாண்டியது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாமா, “என்னப்பா, ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்க?” என்றார். “ஜெயிச்சது சரி மாமா, ஆடுனாங்களா?” என்று கேட்டேன். “ஆடித் தோத்தா மட்டும் கோப்பையைக் கையில குடுத்துடுவானா?” என்றார். பயிற்சியாளர் டிடியே டெஷாமின் வாதமும் ஏறக்குறைய இதுதான்: போரடித்தால் வேறு எதையாவது பாருங்கள் என்று அந்தப் போட்டித்தொடரின்போதே சொன்னார். 1998-ல் அணித்தலைவராகக் கோப்பையைத் தூக்கியவர், 2012 முதல் பயிற்சியாளர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த பதிலை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் இந்த அணிக்கு ஆடத் தெரியும் என்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 2-1 என்று முந்தியதும் பவார் அடித்த அந்த கோல், தொடர்ந்து எம்பாப்பேயின் இரண்டு. 2022 இறுதியாட்டத்தில் ஏறக்குறைய எண்பது நிமிடம் ஒன்றுமே இல்லை. 0-2 என்று ஆனபிறகு எம்பாப்பே இரண்டே நிமிடத்துக்குள் சமன் செய்தார். 2025 ஜூனில் ஐரோப்பிய நாடுகளின் இன்னொரு போட்டித்தொடரான நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் ஸ்பெயின் 5-1 என்று மிதித்த பிறகுதான் விழித்து 5-4 வரை போனார்கள். 2021-ல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான யூரோ ஆட்டம் இன்னும் வேதனை: முதலில் கோல் வாங்கி, பின்பு அழகாக ஆடி 3-1 என்று முந்தி, உடனே பழையபடி ஒடுங்கி, 3-3 ஆகி, பெனால்டியில் வெளியேறினார்கள்.

பின்தங்கினால் ஆடுகிறார்கள், முந்தினால் அடங்கிவிடுகிறார்கள். இதனால் எனக்கு நேர்ந்த கெடுதல் என்னவென்றால், எதிரணி முதலில் ஒரு கோல் போட்டால் தேவலை என்று சில ராத்திரிகளில் மனசு நினைக்கிறது. சொந்த அணி கோல் வாங்கட்டும் என்று ஒரு ரசிகன் நினைக்கலாமா? நினைக்க வைத்துவிட்டார்கள். எப்போதும் இது பலிப்பதும் இல்லை. 2024 அரையிறுதியில் ஸ்பெயினிடம் 1-2 என்று பின்தங்கியபோது முக்கால்வாசி ஆட்டம் மிச்சம் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் ஊர் உப்பளம் பக்கம் பையன்கள் ஆடுவதைப் பார்த்தால், பந்து கிடைத்ததும் முன்னால் ஒருவனையாவது தாண்டிப் பார்ப்போம் என்றுதான் ஓடுகிறார்கள். பாதி நேரம் பறிகொடுக்கிறார்கள், திரும்ப ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். அந்தத் துணிச்சலைத்தான் கேட்கிறேன்.

புதிதாக இந்த அணியைப் பிடித்துக்கொள்ள நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள், ஆட்களில் குறையே இல்லை. டெம்பேலே 2025-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது வாங்கியவர். ஒலிசே, துவே, பர்கோலா என்று இளைஞர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். ஸ்பெயினிடம் 5-4 என்று தோற்ற ஆட்டத்தில்தான் செர்கி முதன்முதலாக நாட்டுக்காக இறங்கினார், அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல். குழு ஆட்டங்களைப் பார்த்து அணியை எடைபோடாதீர்கள், 2018 உலகக் கோப்பையில் 0-0-வில் முடிந்த ஒரே ஆட்டமும் நம்முடையதுதான், டென்மார்க்கோடு.

2026 உலகக் கோப்பையோடு விலகுவதாக டெஷாம் 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். அடுத்து யார் வந்தாலும் கோப்பை கொடு என்று நான் கேட்கப்போவதில்லை. 1-0 முந்தியதும் இரண்டாவது கோலுக்குப் போகட்டும்.