ஆக்குபேஷனல் ஹெல்த் (தொழிலாளர் உடல்நலம்) பக்கம் வர நினைக்கும் என்.பி., பி.ஏ.க்களுக்கு: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கிடங்கில் பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒருவர் வந்தார். பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. ஐபுப்ரோஃபென் 600 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவருடைய கம்பெனியின் சேஃப்டி மேனேஜர் போனில் வந்தார். "அந்த மாத்திரையை 400 ஆகக் குறைத்துத் தர முடியாதா?" ஆளுக்கு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் கேட்டார் என்பது அன்று மாலைதான் புரிந்தது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் விதிப்படி, முதலுதவியோடு முடிந்த காயத்தைக் கம்பெனி தன் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் அளவில் மாத்திரை கொடுத்தால் அது முதலுதவி. ஐபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு 467 மில்லிகிராமைத் தாண்டினால் மருத்துவ சிகிச்சை, காயம் பதிவேட்டில் ஏறிவிடும். தையல் போட்டால் ஏறும், பட்டாம்பூச்சி பிளாஸ்டர் ஒட்டினால் ஏறாது. டெட்டனஸ் ஊசிக்கு ஏறாது. மருந்தே தராமல் "ஒரு வாரம் கனமான பொருள் தூக்கக் கூடாது" என்று எழுதி, அதனால் அவருடைய வழக்கமான வேலை மாறினால் அப்போதும் ஏறும்.

நான் 600ஐ மாற்றவில்லை. ஆனால் மாற்றக் கூடாது என்று தெரிந்து மாற்றாமல் இருக்கவில்லை. போனில் வந்த தோரணை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் இந்த விதியைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்த நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். (நம்மூரில் பி.ஏ. என்றால் வேறு அர்த்தம். இந்தக் கட்டுரையில் பி.ஏ. என்றால் பிசிஷியன் அசிஸ்டென்ட், என்.பி. என்றால் நர்ஸ் பிராக்டிஷனர். இருவரும் டாக்டர் இல்லை, ஆனால் நோயாளி பார்த்து மருந்து எழுதுகிறவர்கள்.) டாக்டர்களுக்கு ஆக்குபேஷனல் மெடிசினில் ரெசிடென்சி உண்டு, போர்டு சான்று உண்டு. நமக்கு அப்படி ஒரே நேர்வழி கிடையாது. துண்டு துண்டாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விளம்பரப்படுத்துகிறவர்கள் அது ஒன்றே போதும் என்கிற மாதிரி பேசுவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வழி, குட்டிச் சான்றிதழ்கள். வேலைக்கு எடுக்கும் கிளினிக்குகள் முதலில் கேட்பது இதைத்தான். லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கான உடல் தகுதிப் பரிசோதனையை 2014 மே மாதத்திலிருந்து தேசியப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே செய்யலாம். பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி என்.பி.யும் பி.ஏ.வும் அதில் சேர முடியும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும், பத்து வருடத்தில் மறுபடியும் தேர்வு. ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு, வேலையிட உடல்நல ஆய்வுக்கான அரசு அமைப்பான நியோஷ் அங்கீகரித்த கோர்ஸ் இருக்கிறது. தொழிலாளர்களின் காதுகேட்கும் திறனைச் சோதிக்க கேயோக் சான்றிதழ் இருக்கிறது, 20 மணி நேரம்.

இவற்றைச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்தடி தூரத்தில் நின்று கிசுகிசுத்து, ஓட்டுநருக்குக் கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை வேடிக்கையாகத் தோன்றலாம். அதைச் சரியாகச் செய்யாமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் வருவது நாற்பது டன் லாரி. காதுச் சோதனையும் அப்படித்தான். ஆரம்பத்தில் எடுத்த ஆடியோகிராமையும் இந்த வருடம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் உள்ள மாற்றத்தின் சராசரி 10 டெசிபலைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவர், "வயசானா காது கொஞ்சம் மந்தமாகத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

குறை எங்கே என்றால், இந்தக் கோர்ஸ்கள் ஒரு படிவத்தைச் சரியாக நிரப்பக் கற்றுத் தருவதோடு நின்றுவிடுகின்றன. படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்க அவை சொல்லித் தருவதில்லை.

இரண்டாவது, ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ்களுக்குச் சான்று தரும் ஏபோன் என்ற வாரியம் நடத்தும் கோன், கோன்-எஸ் தேர்வுகள். 1972இல் தொடங்கிய வாரியம் இது. நர்சிங் லைசென்ஸ் வேண்டும், கடந்த ஐந்து வருடத்தில் இந்தத் துறையில் 3000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். கோன்-எஸ்ஸுக்கு அதோடு இளநிலைப் பட்டமும் வேண்டும். பி.ஏ.க்களுக்கு இந்தக் கதவே இல்லை.

இதைப் பயிற்சி என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏற்கெனவே தெரிந்ததற்கு முத்திரை குத்துகிற தேர்வு இது. அதற்குத் தயாராகும் சாக்கில் ஓஷா விதிகள், இழப்பீடு, கேஸ் மேனேஜ்மென்ட் எல்லாம் ஒழுங்காக மண்டையில் ஏறுவது உண்மை. தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கும் மருத்துவ அறையை நடத்துகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நாள் முழுக்க நோயாளி பார்க்கும் என்.பி.க்கு இது இரண்டாம்பட்சம்தான் என்பது என் கருத்து. தேர்வின் கனம் நோயைக் கண்டுபிடிப்பதைவிடத் திட்டத்தை நடத்துவதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழிதான் பெரியது. நியோஷ் நிதியில் நடக்கும் பல்கலைக்கழகக் கல்வி, ஆய்வு மையங்கள். 1977இல் தொடங்கியவை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சின்சினாட்டி, வாஷிங்டன், யூட்டா உட்பட நாடு முழுக்கப் பதினெட்டு. ஆக்குபேஷனல் மெடிசின், நர்சிங், இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் (வேலையிடத்துத் தூசி, புகை போன்றவற்றை அளந்து கட்டுப்படுத்தும் துறை), சேஃப்டி என்று பல துறை மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைப்பதுதான் இவற்றின் சிறப்பு. நர்சிங் பிரிவு எல்லா மையத்திலும் இல்லை, பி.ஏ.க்கள் பெரும்பாலும் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு வழியாக உள்ளே போகிறார்கள். இரண்டு வருடம், சில நேரம் அதற்கும் மேல். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதி போய்விடும், வேலையைக் குறைத்துக்கொண்ட இழப்பு போகாது.

இங்கே கிடைக்கும் ஒரு விஷயம் வேறெங்கும் கிடைக்காது. ஆலைக்குள் நடந்து பார்ப்பது. பக்கத்தில் ஒரு ஹைஜீனிஸ்ட் நின்று, புகையை உறிஞ்சும் குழாய் வெல்டரின் முகத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது பார் என்று காட்டுவார். குழாய் இருக்கிறது, ஓடுகிறது, ஆனால் புகை அவர் மூக்கைக் கடந்துதான் குழாய்க்குப் போகிறது. கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து "வேலையிடத்தில் காற்றோட்ட வசதி உண்டா?" என்று கேட்டிருந்தால் அந்த வெல்டர் உண்டு என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரலில் நியோஷ் ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது, பிறகு பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இந்த மையங்களின் நிதியை நிறுத்தச் சொல்லும் யோசனை பட்ஜெட் முன்மொழிவுகளில் முன்பும் வந்திருக்கிறது. சேரும் முன், உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, சுற்றுச்சூழல் சுகாதாரம். எல்லாப் பாடத்திட்டத்திலும் தலைப்பில் இருக்கும், உள்ளே கடைசி வகுப்பில் அவசரமாக முடியும். இதற்கு நல்ல பொருள், நச்சுப் பொருள்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஏடிஎஸ்டிஆர் வெளியிட்ட இலவசப் பாடங்கள், அதிலும் நோயாளியிடம் வெளிப்பாட்டு வரலாறு கேட்பது பற்றிய பாடம். வேலை, வீடு, பொழுதுபோக்கு, தண்ணீர், பக்கத்தில் என்ன ஆலை என்று வரிசையாகக் கேட்கப் பழக்குகிறது. குழந்தைகள் விஷயத்தில் 1998இல் தொடங்கிய பெசு மையங்கள் இருக்கின்றன. மருத்துவர்களும் நாமும் போன் செய்து யோசனை கேட்கவே ஏற்பட்டவை. படித்து வாங்கும் பட்டத்தைவிட, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருப்பது பல நாள் அதிகம் உதவியிருக்கிறது.

தனித்தனியாகச் சொன்னால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரே நோயாளியை நான்கு பேரிடமும் அனுப்பிப் பார்ப்போம். கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் கொலராடோவிலும் இருக்கிறார்கள். வயது 38. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல் பலகைகளை அறுத்து மெருகேற்றும் பட்டறையில் எட்டு வருடம். ஆறு மாதமாக வறட்டு இருமல். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், பலனில்லை.

சான்றிதழ்க்காரர் ஸ்பைரோமெட்ரி எடுப்பார், அருமையாக எடுப்பார். மூன்று சரியான ஊதல், சிறந்த இரண்டுக்கும் நடுவே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசமில்லை. முடிவு அநேகமாக இயல்பு. கல்லில் உள்ள சிலிகாவின் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய் சிலிகோசிஸ், அதன் தொடக்க நிலையில் அப்படி வருவது புதிதல்ல. "நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது" என்ற குறிப்போடு அவர் அதே பட்டறைக்குத் திரும்பிப் போவார்.

கோன்-எஸ் முடித்தவர் தொழிலைக் கேட்டவுடன் சிலிகா விதியை நினைப்பார். 2016இல் வந்த விதி. எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் வரம்பு. 25ஐத் தொடும் காற்றில் வருடத்துக்கு 30 நாள் வேலை பார்த்தாலே பட்டறை முதலாளி மருத்துவக் கண்காணிப்பு தர வேண்டும்: மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் சோதனை, முதல்முறை காசநோய் சோதனை, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இது ஏன் இவருக்கு நடக்கவில்லை என்று கேட்பார். சரியான கேள்வி. இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: பரிசோதனை முடிந்தால் கடிதங்கள் இரண்டு. முழு விவரமும் தொழிலாளியின் கையில். முதலாளிக்குப் போவதில் தேதி, பரிசோதனை விதிப்படி நடந்தது என்ற வரி, முகக்கவசம் அணிவதில் கட்டுப்பாடு உண்டா என்பது மட்டும். வேறு எதையும் தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால்தான் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே உறையில் போட்டு கம்பெனிக்கு அனுப்பிய கிளினிக்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மையத்தில் படித்தவர் கேட்கும் முதல் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "அறுக்கும்போது தண்ணீர் ஓடுமா, இல்லை உலர்வாக அறுப்பீர்களா?" அடுத்தது, "மாலையில் தரையை எப்படிப் பெருக்குவீர்கள்?" இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தண்ணீர் ஊற்றி அறுத்துவிட்டு, காய்ந்த சேற்றை விளக்குமாறால் தள்ளினால் தூசி முழுக்கத் திரும்பக் காற்றில்தான். கிரானைட்டில் சிலிகா பாதிக்கும் கீழே. செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. ஸ்பைரோமெட்ரி இயல்பு என்பதில் சமாதானம் அடையாமல் எக்ஸ்ரே படம் எடுத்து, தூசி நோய்ப் படங்களைப் படிக்க நியோஷ் சான்று தரும் பி-ரீடர் தகுதி பெற்ற டாக்டரிடம் படிக்கக் கொடுப்பார். பி-ரீடர் ஆக நம்மால் முடியாது, அது டாக்டர்களுக்கு மட்டும். கடைசியாக, "கூட வேலை பார்ப்பவர்களில் இருமுகிறவர்கள் உண்டா?" இந்தக் கேள்வியில் ஒரு நோயாளி நான்கு நோயாளி ஆவார்கள். பட்டறை சின்னது என்றால், அபராதம் போடும் பிரிவிலிருந்து தனித்து இயங்கும் ஓஷாவின் இலவச ஆலோசனைப் பிரிவு இருக்கிறது என்று முதலாளிக்கும் சொல்லுவார்.

சுற்றுச்சூழல் பாடம் மட்டும் படித்த குடும்ப கிளினிக் என்.பி.? அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். விதி எண் தெரியாவிட்டாலும் "வேலை என்ன?" என்று கேட்கப் பழகியவர். இன்ஹேலர் எழுதிய இடத்தில் அந்தக் கேள்வி விழுந்திருந்தால் ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். ஈய விஷயத்தில் அவர் மற்ற மூவரையும் முந்திவிடுவார். ஓஷாவின் 1978ஆம் ஆண்டு விதி, தொழிற்சாலைத் தொழிலாளியின் ரத்தத்தில் ஈயம் ஒரு சோதனையில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டாலோ, தொடர் சோதனைகளின் சராசரி 50ஐத் தொட்டாலோதான் அந்த வேலையிலிருந்து நகர்த்தச் சொல்கிறது. 40க்குக் கீழே வந்தால் திரும்பப் போகலாம். குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021இல் வைத்த எச்சரிக்கை அளவு 3.5. விதியை மட்டும் படித்தவர் ஒரு தொழிலாளியின் ஈய அளவு 38 என்று பார்த்து கோப்பை மூடிவிடுவார். இவர், "வேலை உடுப்போடுதான் வீட்டுக்குப் போகிறீர்களா? வீட்டில் சின்னக் குழந்தை உண்டா?" என்று கேட்பார்.

இனி யாருக்கு எது. அவசர கிளினிக்கில் இருந்துகொண்டு இந்தத் துறைக்கு வர நினைக்கும் பி.ஏ. என்றால், ஓட்டுநர் பரிசோதனைப் பதிவேட்டில் முதலில் சேருங்கள், வேலை கிடைக்கும். அங்கேயே நின்றுவிடாதீர்கள், ஆக்குபேஷனல் மெடிசின் டாக்டர்களின் ஏகோயம் சங்கத்தில் என்.பி., பி.ஏ. இருவரும் உறுப்பினராகலாம், அவர்களுடைய குறுகிய வகுப்புகள் அடுத்த படி. கம்பெனிக்குள் தனியாக இருக்கும் நர்ஸ் என்றால் கோன்-எஸ், யோசிக்கவே வேண்டாம். கிராமப்புறக் குடும்ப கிளினிக்கில் இருப்பவருக்கு ஏடிஎஸ்டிஆர் பாடமும் பெசு தொலைபேசி எண்ணும், இரண்டு வார மாலை வேலை. முப்பதுகளின் தொடக்கத்தில், குடும்பம் இரண்டு வருடம் தாங்கும் என்றால் பல்கலைக்கழக மையத்துக்கு விண்ணப்பியுங்கள், நிதி பற்றிய அந்த எழுத்தை மறக்காமல்.

அந்த இரண்டு வருடம் எனக்கு வாய்க்கவில்லை. குட்டிச் சான்றிதழ்களில் தொடங்கி கோன்-எஸ் வரை வந்தேன், ஆலைக்குள் நடப்பதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். எந்தக் கம்பெனி எங்கள் கிளினிக்கோடு ஒப்பந்தம் போட்டாலும், முதல் மாதத்தில் ஒரு காலைப் பொழுது உள்ளே சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பேன். பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள். ஐபுப்ரோஃபென் மேனேஜரும் மறுக்கவில்லை. கிடங்கில் அவரே கூட நடந்து வந்தார். பெட்டிகளை அடுக்கும் கடைசித் தட்டு முழங்காலுக்கும் கீழே இருந்தது. ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை முறை அங்கே குனிகிறார் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். இரண்டு பேரும் அங்கேயே நின்று எண்ண ஆரம்பித்தோம்.